பாசி எடுக்கும் கைக்குக் கையெழுத்து அதிகாரம் எப்போது?

(இராமநாதபுரத்தில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பணியிடத்தில் ஒடுக்கப்பட்ட பெண்களின் தலைமையும் உண்மையான பிரதிநிதித்துவமும்'. அழைப்பிதழை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பணியிடம்னா என்னத்தா?" என்று கேட்டார். "வேலை பாக்குற இடம்மா" என்றேன். "அப்பக் கடலுன்னு எழுத வேண்டியதுதானே" என்றார். ஆகவே நான் கடலில் இருந்தே தொடங்குகிறேன். கம்பெனி, ஆபீஸ் எல்லாம் பிறகு வரும்.

என் அம்மா பாசி எடுக்கிறவர். பாம்பன் பக்கம் எங்கள் தெரு. பட்டியல் சாதிக் குடியிருப்பு, சொந்தப் படகு ஒருவரிடமும் கிடையாது. இந்தக் கரையில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள் இல்லை, பல சாதியிலும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் படகும் வலையும் இல்லாத வீட்டுப் பெண்கள்தான். விடியுமுன்னே வாடகைப் படகில் ஏறுவார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே ஒரு ஆம்பளைச் சட்டை. விரலுக்கு விரல் துணி சுற்றி அதன் மேல் கையுறை. செருப்போடு தகரத்தையோ அலுமினியத் தட்டையோ சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. ஆக்சிஜன் எல்லாம் கிடையாது. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து, மேலே வந்து மூச்சு விட்டு, மறுபடி முங்க வேண்டும். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை தடவை என்று அம்மாவிடம் கேட்டால், "நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூச்சு விடுறேன்னு எண்ணிருக்கியா?" என்பார்.

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. இவைதான் பெயர்கள். இவற்றிலிருந்துதான் அகர் வருகிறது, ஆல்ஜினேட் வருகிறது. நீங்கள் சாப்பிடுகிற ஐஸ்கிரீமில், மாத்திரையில், கிருமி வளர்த்துச் சோதிக்கிற ஆய்வகத் தட்டில் எல்லாம் இந்தக் கரைப் பெண்ணின் மூச்சு இருக்கிறது. நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தேன். முதல் நாள் ஆய்வகத்தில் அகர் தட்டைக் கையில் கொடுத்து, இது எதிலிருந்து வருகிறது தெரியுமா என்று பேராசிரியர் கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் எந்த ஊர், எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பயத்தை உங்களில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்ற பெயரும் சேர்ந்தது. பவளப்பாறையைக் காக்க வேண்டும், கடல்பசுவைக் காக்க வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்தார்கள். அவர்களை அழைத்து ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள். படகைப் பிடிப்பது, பாசியைப் பறிப்பது, அபராதம் போடுவது எல்லாம் பிறகு நடந்தன. சின்ன வயதில் எனக்கு வனத்துறை என்றால் காடு ஞாபகம் வராது, கடல்தான் ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 'தலைமைப் பண்பு' என்று மூன்று நாள் பயிற்சி நடத்துகிறார்களே, அங்கே இதைச் சொல்லித்தருவதில்லை.

ஊர் ஊராகப் பேசி, பாசி எடுக்கும் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். சுமார் 2,000 பெண்கள். பிறகு தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். பாறையை இரும்பால் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும், அப்போதுதான் வேர் தங்கும், மறுபடி முளைக்கும். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குள் போவது. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அப்போதுதான் நீர் நன்றாக வற்றும். மீன் பெருகுகிற தடைக்காலத்தில் பாசிக்கும் லீவு. பட்டினி கிடக்கிற வீட்டில் இருந்துகொண்டு, 'மாதத்தில் 18 நாள் நான் வேலைக்குப் போக மாட்டேன், கடல் தேறட்டும்' என்று முடிவெடுப்பது எப்பேர்ப்பட்ட முடிவு என்று யோசித்துப் பாருங்கள். அதை 2,000 பேரை ஒப்புக்கொள்ள வைப்பது அதைவிடப் பெரிது. மீறினவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். கத்துவார்கள், அழுவார்கள், மறுநாள் ஒரே படகில் போவார்கள். இந்த ஒழுங்கைக் காட்டித்தான் வனத்துறையிடம் பேசினார்கள், அடையாள அட்டை வாங்கினார்கள்.

அந்தக் கூட்டமைப்பை வழிநடத்தியவர்களில் ஒருவர் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி. ஏழு வயதில் பாசி எடுக்கத் தொடங்கியவர். 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற தன் ஆண்டுப் பரிசை அவருக்குக் கொடுத்தது. பாம்பனில் இருக்கிற தலைமை கலிபோர்னியாவுக்குத் தெரிந்தது. நம் மாவட்டத்தில் கடலைப் பற்றி முடிவெடுக்கிற மேசைகளுக்குத் தெரிந்ததா என்பதுதான் என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் கடல்பாசி பற்றி ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. அம்மாவையும் இன்னும் நாலு பெண்களையும் அழைத்திருந்தார்கள். துணைக்கு நான் போனேன். நல்ல மண்டபம், நல்ல ஏ.சி. முதல் வரிசையில் நாற்காலியே போட்டிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் திரையில் படம் ஓடியது. பாசி வளர்ப்பு, ஏற்றுமதி, சந்தை, கோடிகள். இடையிடையே 'மகளிர் மேம்பாடு' என்று திரும்பிப் பார்த்து எங்கள் வரிசையைக் கை காட்டினார்கள். கேமரா வந்தது. டீ வந்தது. மைக் வரவில்லை. முடிகிற நேரத்தில் ஒரு பையன் பதிவேட்டை நீட்டினான். 'கலந்துகொண்டோர்' என்ற தலைப்பின் கீழ் கையெழுத்து. அம்மா கைநாட்டு வைக்கும் முன் எழுந்து நின்று, மைக் இல்லாமலே சொன்னார்: "அய்யா, இன்னைக்கு அமாவாசைக்கு மறுநாளு. நல்லா வத்துற நாளு. இன்னைக்கு நாங்க கடல்ல நின்னுருந்தா நாலு காசு பாத்திருப்போம். பாசியப் பத்திப் பேசுறவுகளுக்கு, பாசி என்னைக்கு எடுப்பாகன்னு தெரியாதா?"

மண்டபத்தில் சிரிப்பு. நல்ல சிரிப்புதான், கிண்டலாக இல்லை. 'அம்மா நன்றாகச் சொன்னார்கள்' என்று ஒருவர் கைதட்டினார். குறிப்பேட்டில் அது ஏறவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

எங்களுக்கு மாதத்தில் 12 வேலை நாள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, எங்களைப் பற்றிய கூட்டத்துக்கு எங்களையே வேடிக்கை பார்க்க வைத்தார்கள். இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தேதி குறிக்கிற இடத்தில் பாசி எடுக்கிறவர் ஒருவர் இருந்திருந்தால் போதும். அந்த ஒருவர் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு இறங்கிப் போவது எளிது. நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

படித்து முடித்து சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். எங்கள் குழுவில் ஒரு இடம் காலியானபோது என்னைக் கூப்பிட்டார்கள். 'உங்கள் பின்னணியிலிருந்து ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும்' என்றார்கள். என் பின்னணியை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருந்தது. ஆண்டறிக்கையில் என் படம் வந்தது. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பிறகு ஒரு புகார் வந்தது. ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்த ஓர் அக்கா, ஒரு மேலாளர் மீது கொடுத்த புகார். நிறுவனத்தின் நேரடி ஊழியர் இல்லை என்பதால் இதை எடுக்க வேண்டுமா என்றே முதலில் பேசினார்கள். சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளியும் ஊழியர்தான். அது எனக்கு அப்போது தெரியாது. விசாரணை நடந்த இரண்டு அமர்வில் ஒன்றுக்குத்தான் எனக்குத் தகவல் வந்தது. அந்த அக்கா பேசும்போது என்னை மட்டுமே பார்த்துப் பேசினார். என் முகத்தில் அவருக்கு எதுவோ தெரிந்திருக்கிறது. கடைசியில் 'நிரூபிக்கப்படவில்லை' என்று அறிக்கை தட்டச்சாகி வந்தது. நாலு பக்கம். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் பெயருக்கு மேல் காலியாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளை நேரம், ஒருவர் பேனாவோடு என் மேசையருகே நின்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன், தோழர்களே. முழுதாகப் படிக்காமல் போட்டேன்.

அடுத்த மாதம் அந்த அக்காவைக் காணவில்லை. ஒப்பந்தக்காரர் 'வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்' என்றார். எங்கே என்று சொல்லவில்லை. மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம், இரண்டாவது அமர்வின் பதிவைக் கேட்டிருக்கலாம் என்பதெல்லாம் பிறகு சட்டத்தை உட்கார்ந்து படித்தபோது தோன்றியது. என்னை அங்கே உட்காரவைத்தது எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது. 'எங்கள் குழுவில் அவர்கள் ஆளே இருக்கிறார், அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்' என்று சொல்வதற்கு. அம்மா வைத்த கைநாட்டுக்கும் நான் போட்ட ஆங்கிலக் கையெழுத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தவறு, ஒரு வித்தியாசம் உண்டு. அம்மா எழுந்து நின்று பேசிவிட்டு வைத்தார்.

இந்தச் சட்டத்தின் பின்னால் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ராஜஸ்தானின் பன்வாரி தேவி. மண்பாண்டம் செய்கிற குயவர் சமூகத்துப் பெண். அரசின் திட்டத்தில் கிராமத்துப் பணியாளர். ஆதிக்க சாதி வீட்டில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997-ல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. சாதியால் ஒடுக்கப்பட்ட ஒரு கிராமத்துப் பெண் கொடுத்த விலையில் ஏ.சி. அறைகளுக்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால் அதே சட்டத்தின் உள்ளகக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இருந்தால் அது நிறுவனத்தின் பெருந்தன்மை. பெருந்தன்மையால் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று நான் அனுபவித்துவிட்டேன்.

இதை நம் முன்னோர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை. அம்பேத்கர் வந்து பேசினார். அந்த மாநாட்டுப் பெண்கள் சட்டமன்றத்திலும் உள்ளாட்சியிலும் தங்களுக்கு இடம் கேட்டார்கள். கூடவே, பெண்கள் வேலை செய்கிற ஆலைகளில் பெண்களே மேற்பார்வையாளர்களாக இருக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். 1942-ல்! ஆலையில் யார் வேலையை எண்ணுகிறார், யார் விடுப்பு தருகிறார், யார் கை வைக்கிறார் என்பதெல்லாம் தெரிந்த பெண்கள் எழுதிய தீர்மானம் அது. நம் பக்கத்தில் அன்னை மீனாம்பாள் சிவராஜ் பட்டியல் வகுப்புக் கூட்டமைப்பின் மேடைகளில் தலைமை வகித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்த பெண்கள் மாநாட்டை நினைவுகூரும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் அரசியலை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்கள் தரப்பில் சமமாக உட்கார்ந்து பேசினார் இம்மானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். பேச்சுவார்த்தை மேசையில் ஓர் இருக்கைக்கு இந்த மண்ணில் என்ன விலை என்பது நமக்குத் தெரியும். அது ஆணுக்கு. பெண்ணுக்கு? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு அதிகாரிகள் வந்து ஏற்றவைத்தார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று 2016-ல் சட்டம் போட்ட மாநிலம் இது. இடம் கொடுத்த சட்டம் நாற்காலியைக் கொடுக்கவில்லை.

உலகத்திலும் இதேதான். ஆஸ்திரேலியாவில் லிண்டா பர்னி என்ற பழங்குடிப் பெண், 2016-ல் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வான முதல் பழங்குடிப் பெண்ணானார். 2022-ல் பழங்குடிகள் நலத்துக்கு அமைச்சருமானார். அவர் அமைச்சராக இருக்கும்போதே, பழங்குடிகளின் குரலை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று 2023 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெண்ணை அமைச்சராக ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த நாடு, அவர் மக்கள் ஒரு அமைப்பாகப் பேசுவதை ஏற்கத் தயாராக இல்லை. என் நிறுவனம் எனக்கு ஞாபகம் வந்தது. மறுபக்கம் தென்கொரியாவின் ஜெஜு தீவைப் பாருங்கள். ஹேன்யோ என்ற முக்குளிக்கும் பெண்கள், நம் பெண்களைப் போலவே மூச்சடக்கிப் பாசியும் சிப்பியும் எடுப்பவர்கள். விளைச்சலை அடிமாட்டு விலைக்குப் பிடுங்கிய ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து 1930-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 2016-ல் அவர்களின் மரபை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. எப்போது முங்குவது, எதை விடுவது என்பதை அங்கே பெண்களின் சங்கம்தான் முடிவு செய்கிறது.

இப்போது நம் கரைக்குப் பெரிய பணம் வருகிறது. 2021 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா என்று அறிவித்தார்கள். இந்த மாவட்டத்தில் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாய்த் திட்டம். ஏற்கெனவே 2000-த்தை ஒட்டி ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்க வைத்தது. பின்னால் அது குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறையில் படர்ந்துவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையால் பறித்த பெண்களுக்கு அபராதம், படர்ந்த பாசிக்கு யார் அபராதம் கட்டினார்கள்? வளர்ப்புப் பாசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் வேலை செய்கிற பெண்களும் எங்கள் பெண்கள்தான். எந்தப் பாசி, எந்த இடத்தில், என்ன விலைக்கு என்று தீர்மானிக்கிற குழுவில் அவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறேன். 'பயனாளிகள்' பட்டியலில் அவர்கள் இருப்பது எனக்குத் தெரியும்.

சட்டத்தில் கொஞ்சம் இடுக்கு இருக்கிறது. இளைஞர்கள் நீங்கள் அதில் கை வைக்க வேண்டும். நான் சொன்ன 2013 சட்டத்தில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்க வேண்டும். அதில் அந்த வட்டாரத்தில் வேலை செய்கிற பெண்களிலிருந்து ஒருவர் உறுப்பினராக வேண்டும். நியமிக்கப்படும் வெளியாட்களில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகப் பெண்ணாக இருக்க வேண்டும். கம்பெனிக் குழுவுக்கு இல்லாத வரி இங்கே இருக்கிறது. படகில், கரையில், பாசி வியாபாரியின் கொட்டகையில் நடப்பதைச் சொல்ல எங்கள் பெண்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது. அதில் பாசி எடுக்கிற ஒருவர் ஏன் உறுப்பினராகக் கூடாது? இரண்டாவது, 2006 வன உரிமைச் சட்டம். அது தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் அதில் உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுத் தொடர்பைக் காட்ட வேண்டும். கிழவிகளின் வாக்குமூலமும் சான்றாகச் செல்லும். கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கடலை வனம் என்று சொல்லித்தானே விரட்டினீர்கள்? அப்படியானால் வனத்தின் உரிமையையும் கடலுக்குக் கொடுங்கள் என்று கேட்க நம்மிடம் நியாயம் இருக்கிறது.

இதற்கு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். பேச அல்ல, எழுத. பேச எங்கள் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். எண்பது வயதுக் கிழவி சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அவர் 'சரி' என்ற பிறகு கைநாட்டு வாங்குகிற பொறுமை வேண்டும். நான் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அந்த நிறுவனத்தில் இருந்து விலகிவிட்டேன். அதை வீரம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அந்த அக்காவைத் தேடிப் போனேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த கலந்தாய்வுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை பௌர்ணமிக்கு மறுநாள். அம்மாவும் தெருப் பெண்களும் சேர்ந்து ஒரு மனு எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அஷ்டமி நவமியில் கூட்டம் வையுங்கள், அன்றைக்கு நீர் வற்றாது, நாங்கள் வீட்டில்தான் இருப்போம் என்பது முதல் கோரிக்கை. நம் தோழர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், அஷ்டமி நவமி பார்ப்பதா என்று. அதிகாரிகளும் அந்த நாள்களில் நல்ல காரியம் தொடங்கத் தயங்குகிறார்கள், அது அவர்கள் கவலை. இரண்டாவது கோரிக்கை, கூட்டக் குறிப்பைத் தமிழில் அங்கேயே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். 63 பேர் போட்டிருக்கிறார்கள். கைநாட்டு வைக்க வேண்டிய அம்மா, ஒரு வாரமாக என் தங்கையிடம் உட்கார்ந்து எழுதிப் பழகி, இதில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. நாளை மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வாருங்கள்.